கட்டாயப் பயிற்சிக்குப் போக பஸ் காசு யார் தருவது? திருகோணமலைக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

தனியார் கம்பனிகளின் ஊழியர் நிர்வாகத்தில் கொஞ்சக் காலம், அப்புறம் தொழிற்சங்கத்தில் நிறையக் காலம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்: அண்ணா, உணவுச் சுகாதாரப் பயிற்சிக்கு மூன்று நாள் கொழும்புக்குக் கட்டாயம் போகவேண்டுமாம். தங்க இடம் தருவார்கள், போய்வரும் காசு எங்களுடையதாம். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

தம்பி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். "கட்டாயப் பயிற்சிக்கான பயணச் செலவை முதலாளியே கட்டவேண்டும்" என்று தனியார் துறைக்கு நேரடியாக எழுதிய ஒரு பிரிவு இலங்கைத் தொழில் சட்டத்தில் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரம், லீவு, சம்பளம் எல்லாவற்றையும் பேசுகிறது, இந்தப் பஸ் காசைப் பேசவில்லை. அதனால் முதலில் பார்க்கவேண்டியது உங்கள் நியமனக் கடிதம், அதற்குப் பிறகு கம்பனியின் ஊழியர் கைநூல், அதிலும் இல்லையென்றால் இதுவரை அங்கே நடந்துவந்த வழக்கம். போன வருடம் போனவர்களுக்குக் காசு கொடுத்திருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம்.

ஆனால் சட்டத்தில் வரி இல்லை என்பதால் நியாயமும் இல்லை என்று ஆகிவிடாது. முதலாளி சொன்ன வேலையைச் செய்யப்போய் ஊழியருக்கு நியாயமான செலவு வந்தால் அதை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது வேலை ஒப்பந்தத்தின் அடிப்படை. நீங்கள் விரும்பிக் கேட்ட பாடநெறி இல்லை இது, போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். போகச் சொல்பவர்தான் காசு தரவேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு பிரச்சினையும் இருக்கிறது. தலைமை அலுவலகம் கொழும்பில். அங்கே இருக்கிற ஊழியர் காலையில் வீட்டிலிருந்து போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவார். திருகோணமலைக்காரர் 49ஆம் இலக்க பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இருநூற்று ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் இரவிரவாக இருந்து போகவேண்டும், அல்லது இரவு ரயில். கொழும்புக் கோட்டையில் இறங்கி ஓட்டோ, காலைச் சாப்பாடு, திரும்பிவர அதே செலவு இன்னொரு தரம். ஒரே பயிற்சிதான், ஒரே சம்பளத் தரம்தான், ஒருவருக்குச் செலவு கொஞ்சம், மற்றவருக்கு மாதக் கடைசியில் கடன். கிளையை இங்கே திறந்தது கம்பனியின் தீர்மானம், அந்தத் தூரத்தின் விலையை மேசை துடைக்கிற பிள்ளையின் தலையில் கட்டுவது அநியாயம். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா. அதை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தப் பயணம் எவ்வளவு பெரிய வெட்டு என்று மனேஜர் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

உப்புவெளி, கடை ஊழியர்: பயிற்சியை ஞாயிற்றுக்கிழமையிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும்தான் வைக்கிறார்கள். அது வேலை நாளாகக் கணக்கா?

வரச்சொல்லி உத்தரவிட்டால் என் கணக்கில் அது வேலைதான். கடை, அலுவலக ஊழியருக்கு நாளைக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. போயா நாளில் வேலை வாங்கினால் அன்றைக்கும் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும் உங்கள் உரிமை, பயிற்சி என்று பெயர் வைத்தால் அது இல்லாமல் போகாது. பஸ்ஸில் இருக்கிற நேரத்தை வேலை நேரமாகச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை, அதற்குப் பதிலாக மறுநாள் லீவு கேளுங்கள். இரவு முழுக்கப் பயணம் செய்து விடிய வந்து இறங்கியவரை எட்டு மணிக்குக் கடை திறக்கச் சொல்கிற முதலாளியிடம் அதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

கிண்ணியா, லீசிங் கம்பனி: சேர், கொழும்பில் பயிற்சி தந்தார்கள், பஸ், ஹோட்டல் எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் இரண்டு வருடத்துக்குள் விலகினால் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஒரு பொண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது நான் விலகப்போகிறேன், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசைப் பிடிப்போம் என்கிறார்கள்.

ஈ.பி.எப். காசில் அவர்கள் கை வைக்க முடியாது, அதைப் பற்றி நித்திரை குழப்ப வேண்டாம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், இரண்டும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் நிதியத்தில் இருக்கிறது, கம்பனிக் கடனுக்காகப் பிடித்துவைக்கிற காசு இல்லை அது.

பொண்ட் வேறு விசயம், கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் எந்தத் தொகையையும் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றில்லை. உண்மையில் செலவான காசு எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். நீங்கள் ஒன்றரை வருடம் வேலை செய்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் ஆறு மாதத்துக்கு உரிய பங்கை மட்டும் கட்டுவதாக எழுத்தில் சொல்லுங்கள், பல இடங்களில் அதோடு முடிந்திருக்கிறது. கடைசி மாதச் சம்பளத்திலிருந்து உங்களைக் கேட்காமல் வெட்டினால் லேபர் கந்தோருக்கு (தொழில் திணைக்கள அலுவலகம்) போகலாம், சம்பளத்தில் எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதற்கு விதி இருக்கிறது. என்னைக் கேட்டால், நிறுவனத்துக்காகத் தரும் அறிமுகப் பயிற்சிக்குப் பொண்ட் வாங்குவதே தவறு. வெளியே போனாலும் மதிக்கிற சான்றிதழ் தருகிற பெரிய பாடநெறி என்றால் பேசலாம்.

தம்பலகாமம், வேலை தேடுகிறவர்: "இரண்டு கிழமை கொழும்பில் பயிற்சி, சொந்தச் செலவில் வாருங்கள், பாஸ் பண்ணினால் வேலை" என்கிறார்கள். போகவா?

தங்கச்சி, இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், எனக்கு அதிகம் கவலை தந்த கேள்வி இதுதான். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் இல்லை, பயணக் காசு இல்லை, ஆனால் இரண்டு கிழமை அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து அவர்கள் சொன்ன வேலையைச் செய்யவேண்டும். அந்த இரண்டு கிழமையில் வாடிக்கையாளரோடு பேசவைத்தால், பொருள் விற்கவைத்தால், அது பயிற்சி இல்லை, வேலை, காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குச் சம்பளம் உண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் ஊழியர்தான்.

போகுமுன் மூன்று விசயத்தை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை: எந்தத் திகதியிலிருந்து நியமனம், பயிற்சிக் காலத்தில் என்ன தருவார்கள், பாஸ் பண்ணாவிட்டால் திரும்பிவரும் காசு யார் பொறுப்பு. எழுதித் தர மறுத்தால் போகவேண்டாம். பயிற்சிக்கென்று உங்களிடம் வைப்புப் பணம் கேட்டால் அந்த நம்பரையே அழித்துவிடுங்கள்.

மூதூர், அரச பாடசாலை ஆசிரியை: எங்களுக்கும் இதே கதைதான், கருத்தரங்குக்குப் போகச் சொல்கிறார்கள்.

டீச்சர், உங்கள் நிலைமை வேறு, நல்லதும்கூட. அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் முழுவதும் பயணச் செலவைப் பற்றியதுதான். கடமைக்காக அனுப்பினால் கோரலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அனுமதி இல்லாமல் போய்விட்டுப் பிறகு கேட்பதில். கடமையாகப் போகிறீர்கள் என்ற கடிதம் கையில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள், வந்தவுடன் கோரிக்கையைக் கொடுங்கள், வருடக் கடைசியில் கொடுத்தால் ஒதுக்கிய காசு முடிந்துவிட்டது என்பார்கள்.

சீனக்குடா, தொழிற்சாலை: பயிற்சிக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்?

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தை 2022இல் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து வீடு திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். அதனால் எங்கே, எதற்காக, எப்போது போகிறீர்கள் என்பது எழுத்தில் இருப்பது காசுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு. வாய்மொழியாக "நாளைக்குக் கண்டிக்குப் போ" என்றால், "சரி சேர், நாளை பயிற்சிக்குக் கண்டி போகிறேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள்.

அலஸ்தோட்டம்: பயணக் காசுக்கும் ஈ.பி.எப். வெட்டுவார்களா?

உண்மையான செலவைப் பில்லுக்குத் திருப்பித் தந்தால் அது சம்பளம் இல்லை, வெட்டத் தேவையில்லை.

சாம்பல்தீவு: ஜேர்மனியில் இருக்கிற அண்ணன், அங்கே எல்லாம் இலவசம் என்கிறார்.

பெருமளவுக்கு உண்மை. 2019/1152 என்ற இலக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த வழிகாட்டல், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ கட்டாயப்படுத்தும் பயிற்சியை முதலாளி ஊழியருக்கு இலவசமாகத் தரவேண்டும், அந்த நேரம் வேலை நேரமாகக் கணிக்கப்பட வேண்டும், முடிந்தவரை வேலை நேரத்துக்குள்ளேயே நடக்கவேண்டும் என்கிறது. இங்கே அது செல்லாது. ஆனால் இப்படி நாலு வரி எங்கள் சட்டத்திலும் வந்தால் இந்தக் கேள்விகளில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

உவர்மலை, சிறு முதலாளி: ஐயா, எங்கள் பக்கத்தையும் பாருங்கள். கடையில் நாலு பேர்தான். எல்லாரையும் கொழும்புக்கு அனுப்பிச் செலவு கொடுத்தால் கட்டுப்படியாகாது.

பார்க்கிறேன், நீங்கள் கேட்டதே நல்ல விசயம். நாலு பேரையும் அனுப்பவேண்டாம். ஒருவரை முழுச் செலவோடு அனுப்பி, அவர் வந்து மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்கட்டும், அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். இணையவழி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துக் கடைகள் ஏழெட்டுச் சேர்ந்தால் பயிற்றுநரையே இங்கே கூப்பிடலாம், ஒருவர் வருகிற செலவு இருபது பேர் போகிற செலவை விடக் குறைவு. கொடுக்கிற காசை வியாபாரச் செலவாகக் கணக்கில் காட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் முடியாது என்றால் அந்தப் பயிற்சியைக் கட்டாயம் என்று சொல்லாதீர்கள்.

குச்சவெளி, இரண்டு பிள்ளைகளின் அம்மா: கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இரவு பஸ்ஸில் தனியாகப் போகவும் மனம் இல்லை, பிள்ளைகளை யாரிடம் விடுவது?

அக்கா, பயம் நியாயமானது. தனியாகக் கேட்காதீர்கள், உங்களோடு போகிற மற்றவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். சண்டை மாதிரி இல்லாமல், ஏற்பாடு கேட்கிற மாதிரி எழுதுங்கள்: "பயிற்சியில் கலந்துகொள்ள நாங்கள் ஆயத்தம். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உத்தேசமாக இவ்வளவு ரூபா வரும், புறப்படுமுன் முற்பணமாகத் தந்தால் பற்றுச்சீட்டுகளை ஒப்படைப்போம். இரவுப் பயணம் சிரமமானவர்களுக்குப் பகல் பஸ்ஸும் முதல்நாள் தங்குமிடமும் ஒழுங்குசெய்து தாருங்கள்." முற்பணம் என்பதில் உறுதியாக இருங்கள். கையிலிருந்து போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது கம்பனிக்கு நீங்கள் கொடுக்கிற வட்டியில்லாக் கடன். பிள்ளைகளின் விசயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஒரு நாள் பயிற்சியாக இங்கேயே நடத்த முடியுமா என்று கேட்க அதுவே காரணம்.

பதில் வராவிட்டால் திருகோணமலை லேபர் கந்தோரில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. அவர்கள் இரு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போகலாம், அதற்குக் காலவரையறை இருப்பதால் நாள் கடத்தவேண்டாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், பயிற்சிக்கு அழைத்த மெசேஜ், பஸ் டிக்கட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள், டிக்கட் மை சீக்கிரம் மங்கிவிடும்.