மகன் பச்சை குத்திக்கொள்ளப் போகிறானாம்: வேலை கிடைக்காமல் போகுமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசி வரியில் ஓர் உதவி கேட்டிருக்கிறீர்கள். "டாட்டூ குத்தினால் எங்கேயும் வேலை கிடைக்காது என்று நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டான், ஆலோசகர் சொன்னால் கேட்பான்." மன்னிக்கவும், அதை நான் சொல்லப் போவதில்லை. அது உண்மை இல்லை. உங்கள் 17 வயது மகன் அதைக் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவான். முழங்கை வரை படம் வரைந்திருக்கும் மருத்துவர்கள், விமானப் பணியாளர்கள், மென்பொருள் நிறுவன அதிகாரிகள் என்று வரிசையாக எடுத்துக் காட்டுவான். அதன் பிறகு எந்தப் படிப்பில் சேரலாம், எந்தக் கல்லூரி வேண்டாம் என்று நாம் சொல்லும் உண்மைகளையும் அதே சந்தேகத்தோடுதான் கேட்பான். பச்சையால் வரக்கூடிய நஷ்டத்தைவிட இந்த நஷ்டம் பெரியது.

உங்கள் வீட்டில் நடப்பதை நான் புரிந்துகொண்ட வரையில், மூன்று பேர் மூன்று காரணங்களுக்காக எதிர்க்கிறீர்கள். ஆனால் மூவரும் அதற்கு "வேலை" என்று ஒரே பெயர் சூட்டியிருக்கிறீர்கள். மாமனாருக்கு அது அவமானம். கணவருக்கு நேர்முகத் தேர்வு பற்றிய பயம். உங்களுக்கோ, பையன் பின்னால் வருந்துவானே என்ற கவலை. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் பேச்சு நகரும்.

மாமனாரிலிருந்து தொடங்குகிறேன். "குற்றவாளிகள் குத்திக்கொள்வது" என்று அவர் சொன்னதைப் பேரன் கேலி செய்ததாக எழுதியிருந்தீர்கள். பெரியவர் காற்றில் எதையும் சொல்லிவிடவில்லை. எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனையாகவே கையிலும் சில இடங்களில் நெற்றியிலும் மை குத்தினார்கள். 1872இல் அந்நாட்டு அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. தடை விலக 1948 ஆயிற்று. இன்றும் அங்கே பல பொதுக் குளியல் இல்லங்கள் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தாத்தாவின் கையில் எண் குத்தப்பட்ட குடும்பத்தில், பேரன் ஆசையோடு ஊசிக்குக் கையை நீட்டினால் அந்த வீடு எப்படிப் பதறும் என்று யோசித்துப் பாருங்கள். யூத மரபும், இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோரும் அழியாத பச்சையை ஏற்பதில்லை. நேர் எதிரான வீடுகளும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் சமோவா மக்களிடமும் பச்சை என்பது வம்சத்தின் அடையாளம். அங்கே இளையவர் குத்திக்கொள்ளும் நாளில் மூத்தவர்கள் பெருமைப்படுவார்கள். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனின் உடலில், ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் கழித்தும் 61 பச்சைக் குறிகள் அழியாமல் இருந்தன.

ஆகவே பேரனிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தாத்தாவோடு வாதாட வேண்டாம்; "உங்கள் காலத்தில் இதை யார் உடம்பில் பார்த்தீர்கள்?" என்று அவரிடம் கேட்கட்டும். பதில் வந்தால் அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவர் மனம் மாறுவார் என்று நான் உறுதி சொல்லவில்லை. மாற வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இனி உங்கள் கணவரின் பயம். என் தொழிலுக்குரிய பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"வேலை கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த வேலை, உடம்பில் எந்த இடம், எவ்வளவு பெரியது, என்ன படம் என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சீருடைப் பணிகளில் இவை எழுத்தில் இருக்கும். இந்தியாவில் மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான ஆள்சேர்ப்பு விதியைப் பாருங்கள். சல்யூட் அடிக்காத கை என்பதால் இடது முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம், புறங்கையில் இருக்கலாம், அளவு அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதே படத்தை வலது முன்கையில் குத்திக்கொண்டவர், ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோக நேரிடும். அமெரிக்கத் தரைப்படை 2022இல் விதியைத் தளர்த்தியது. ஆனால் தளர்த்திய விதியிலும் அங்குலக் கணக்கு இருக்கிறது: மணிக்கட்டுக்குக் கீழே ஒவ்வொரு கையிலும் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் ஒன்று, பிடரியில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் ஒன்று. விமான நிறுவனங்களில் ஏர் நியூசிலாந்து 2019இல் வெளியே தெரியும் பச்சைகளை அனுமதித்தது. மாவோரி ஊழியர்கள் தங்கள் மரபு அடையாளத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது என்ற விமர்சனம் அதற்கு முக்கியக் காரணம். வர்ஜின் அட்லாண்டிக் 2022இல் கேபின் ஊழியர்களுக்கு அனுமதி தந்தபோதும் முகத்தையும் கழுத்தையும் விலக்கியே வைத்தது. பல விமான நிறுவனங்கள் இன்னமும் சீருடைக்கு வெளியே ஒரு புள்ளி மையும் தெரியக்கூடாது என்கின்றன.

எழுதப்பட்ட விதி எனக்குக் கவலை தருவதில்லை. படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். எழுதப்படாததுதான் சிக்கல். வங்கியின் வாடிக்கையாளர் பிரிவு, வழக்கறிஞர் அலுவலகம், தனியார் பள்ளி, நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பு மேசை போன்ற இடங்களில் தடை என்று ஒரு காகிதமும் இருக்காது. நேர்முகத் தேர்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள். சிரித்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். காரணம் கடைசி வரை தெரியாது. தேர்வாளர் நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் உங்கள் கணவரின் வயதை ஒட்டியவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அந்த நாற்காலியும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில், 65 வயதைக் கடந்தவர்களில் 13 சதவீதம் பேரிடம்தான் பச்சை இருந்தது. 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் 46 சதவீதம். இது ஒரு நாட்டுக் கணக்கு. மற்ற நாடுகளில் வேகம் வேறாக இருக்கும். மென்பொருள், வடிவமைப்பு, விளம்பரம், ஆராய்ச்சி போன்ற துறைகளில் இதை யாரும் பொருட்படுத்துவது குறைவு.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், படத்தைவிட இடமே பெரிது. சாதாரண முழுக்கைச் சட்டை மறைக்கும் இடம் ஒரு வகை. முகம், கழுத்து, விரல்கள் இன்னொரு வகை. பச்சை குத்தும் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர், முதன்முறை வருபவர் கழுத்தையோ விரலையோ காட்டினால் மறுத்துவிடுகிறார்கள். கழுத்தில்தான் குத்துவேன் என்று மகன் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் விடாமல் மறுப்புச் சொல்வேன்.

மகன் கேட்கும் புருவ வளையம் வேறு கதை. உங்கள் வீட்டில் பச்சைக்குப் பெரிய சண்டை, வளையத்துக்குச் சின்னச் சண்டை. "கழற்றி வைத்துவிடலாமே" என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். உடனே கழற்ற முடியாது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதி ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். காதின் மேல்புறக் குருத்தெலும்பு ஆற பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை பிடிக்கும். தொப்புளுக்கும் அப்படித்தான். ஆறுவதற்குள் கழற்றினால் துளை தூர்ந்துபோகும், சில வேளைகளில் சீழையும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். தேர்வு முடிந்த கொண்டாட்டத்தில் குருத்தெலும்பில் துளை போட்டுவிட்டு, மறுமாதம் நர்சிங் பயிற்சிக்கோ சமையல்கலைப் படிப்புக்கோ போகும் மாணவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய சமையலறைகளில் உணவில் விழக்கூடிய எந்த நகைக்கும் இடமில்லை. அறுவை அரங்கிலும் எம்ஆர்ஐ அறையிலும் உலோகத்தைக் கழற்றத்தான் சொல்வார்கள். கடுமையான சோதனை உள்ள சில நுழைவுத் தேர்வுகளில் வாசலிலேயே கழற்றச் சொல்வதும் உண்டு. காது மடலில் பெரிய வளையம் போட்டு விரித்துக்கொண்டே போனால், ஓர் அளவுக்கு மேல் துளை தானாகச் சுருங்காது. தையல் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். துளையிடுவது என்றால் நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில், ஊசியும் கருவியும் கிருமிநீக்கம் செய்யப்படும் இடத்தில் செய்துகொள்ளட்டும். சுத்தமில்லாத ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி பரவலாம். பச்சைக்கும் இது பொருந்தும்.

உங்கள் கவலைக்கு வருகிறேன். வருந்துவானா? மேலே சொன்ன அதே பியூ கணக்கில், பச்சை குத்திக்கொண்டவர்களில் 24 சதவீதம் பேர் குறைந்தது ஒன்றுக்காவது வருந்துவதாகச் சொன்னார்கள். நால்வரில் மூவர் வருந்தவில்லை என்று மகன் இதைப் படிப்பான். நால்வரில் ஒருவர் வருந்துகிறாரே என்று நீங்கள் படிப்பீர்கள். இரண்டும் சரி. லேசரில் அழிக்கலாமே என்று அவன் சொல்வதும் பாதி உண்மைதான். கறுப்பு மை ஓரளவு எளிதில் போகும். பச்சை, நீலம், மஞ்சள் நிறங்கள் பிடிவாதம் பிடிக்கும். பல அமர்வுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் பல வாரங்கள் விட வேண்டும், கடைசியில் நிழல் போன்ற தடமோ தழும்போ நின்றுவிடலாம். குத்த ஆன செலவைவிட அழிக்க ஆகும் செலவு பெரும்பாலும் அதிகம். ஆள்சேர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு போய் அழித்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

"அழிந்துபோகும் கறுப்பு மருதாணி போட்டுக்கொள்ளச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இயற்கை மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். கன்னங்கரேல் என்று பிடிப்பவற்றில் பிபிடி என்ற தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கலாம். அது சிலருக்குத் தோலில் கொப்புளங்களை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தலைச்சாயம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒட்டிக் கழுவும் படத்தாள் இருக்கிறது. கழுத்தில் அதை ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் எல்லா இடங்களுக்கும் போய்வரட்டும், தாத்தாவின் எதிரிலும் உட்காரட்டும்.

வீட்டில் என்ன பேசுவது? பொய்க் காரணங்களை முதலில் கீழே வையுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது" என்று அம்மா சொல்வதில் தவறே இல்லை. அது உங்கள் மனம். அதற்குச் சான்று தேவையில்லை. மகன் அதை மீறலாம், ஆனால் பொய் என்று சொல்ல முடியாது. கணவரிடமும் இதையே சொல்லுங்கள். வீட்டை விட்டுப் போ என்ற வார்த்தையை அவர் திரும்பப் பெற வேண்டும். படிப்புச் செலவுக்குப் பணம் தரமாட்டேன் என்ற மிரட்டலையும்தான். தோலில் இருக்கும் மைக்காகப் பட்டப்படிப்பை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. பச்சை குத்தும் செலவை மட்டும் அவனே சம்பாதித்துக் கட்டட்டும் என்றால் அது நியாயம்.

வயதும் நம் பக்கம் இருக்கிறது. பல நாடுகளில் 18 வயதுக்கு முன் பச்சை குத்தச் சட்டம் இடம் தருவதில்லை. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவன் கேட்டால் நீங்கள் மறுக்கலாம். ஓராண்டு காத்திருக்கச் சொல்வதற்கு என்னிடம் இதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது, அதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடற்படை, விமானப் பணி, அனிமேஷன் என்று மூன்றுக்கும் நடுவில் அவன் ஊசலாடுகிறான். அனிமேஷன் என்றால் கழுத்துப் படத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மற்ற இரண்டும், உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வேலைகள். மூன்றில் எது என்று தெரியாதபோதே குத்திக்கொண்டால், இரண்டு கதவுகளை யோசிக்காமலே சாத்திக்கொள்கிறான். "வேலையே கிடைக்காது" என்ற பூச்சாண்டியைவிட இது அவன் காதில் ஏறும் என்று நினைக்கிறேன்.

அவனை என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் இருவரும் வெளியே காத்திருங்கள். வருவதற்கு முன் அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த மூன்று துறைகளிலும், தான் சேர விரும்பும் இடத்தின் இப்போதைய ஆள்சேர்ப்பு அறிவிப்பை அவனே தேடி எடுத்து, உடல் தோற்றம், மருத்துவத் தகுதி பற்றிய பத்திகளில் அடிக்கோடு போட்டு எடுத்து வர வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் பழைய அறிவிப்பு உதவாது. குத்திக்கொள்ள நினைக்கும் படத்தையும், உண்மையான அளவில் ஒரு தாளில் வரைந்து கொண்டுவரட்டும். அடிக்கோடிட்ட பத்திகளுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை வைத்துப் பேசுவோம்.