யூதக் கோடை முகாம்: செவிலியிடம் கேளுங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்கே காட்டுக்குள் ஓர் ஏரிக்கரை. அங்கே யூதக் குழந்தைகள் தங்கும் கோடை முகாம் ஒன்றில் ஆறு கோடைகள் செவிலியாக இருந்தேன். நான் யூதர் அல்ல, மதுரைக்காரி. சென்ற வாரம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இது தேவாலயங்களில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி போன்றதா?

இல்லை. அது காலையில் போய் மதியம் திரும்புவது. இங்கே குழந்தை வீட்டைவிட்டுக் கிளம்பினால் இரண்டு வாரம், நான்கு வாரம், சில முகாம்களில் எட்டு வாரம்கூடத் திரும்பாது. ஜூன் நடுவிலோ கடைசியிலோ தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். எட்டு, ஒன்பது வயதுப் பொடியர்கள் முதல் பதினாறு வயதுவரை வருவார்கள். மரக்குடில்களில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தூங்குவார்கள். அவர்களுடனேயே தங்கிப் பார்த்துக்கொள்பவர் 'மத்ரிக்', பெண்ணானால் 'மத்ரிகா'. அவருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். பெரும்பாலும் அதே முகாமில் வளர்ந்த பிள்ளையாகவே இருப்பார்.

நீச்சல், படகு, கூடைப்பந்து, நாடகம், மண்பாண்டம் என்று நாள் ஓடும். எண்கோணப் பட்டிக்குள் நின்று பந்தைக் கையால் தட்டி எதிராளியின் காலில் படவைக்கும் 'காகா' விளையாட்டுக்கு எப்போதும் வரிசை நிற்கும். என்னிடம் வந்த கணுக்கால் சுளுக்குகளில் பாதி அந்தப் பட்டியிலிருந்து வந்தவைதான். இவற்றுக்கு நடுவே காலைத் தொழுகை, யூத வேதமான தோராவில் பாடம், பாட்டு எல்லாம் உண்டு.

சென்னையிலிருந்து ஒருவர்: இது எப்படி ஆரம்பித்தது? பணக்காரர்களின் ஏற்பாடா?

ஆரம்பம் நேர் எதிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காசநோய் சுலபமாகப் பரவியது. குழந்தைகள் சில நாளாவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்று அந்தப் பகுதியில் இயங்கிய எஜுகேஷனல் அலையன்ஸ் என்ற அமைப்பு 1902-ல் கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊருக்கருகே சர்ப்ரைஸ் லேக் முகாமைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. பின்னாளில் பெரிய நகைச்சுவை நடிகரான எடி கேண்டர் அங்கே போன ஏழைப் பையன்களில் ஒருவர்.

பிறகு நோக்கம் மாறியது. உடம்பு தேறினால் போதாது, யூதராக வாழவும் பழக வேண்டும் என்று கல்வியாளர்கள் நினைத்தார்கள். 1919-ல் செஜ்வின், 1941-ல் முழுக்க யூதர்களின் பழைய மொழியான ஹீப்ருவிலேயே நடந்த மசாத், 1947-ல் யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவினரின் முதல் ராமா முகாம், 1952-ல் ஒகோனோமவோக் என்ற ஊரில் சீர்திருத்தப் பிரிவினரின் முகாம் என்று வரிசையாக வந்தன. கடைசி இரண்டும் விஸ்கான்சினில்தான். அந்த இரண்டின் ஆண்டுகளைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு, நூற்றாண்டுகளாக அறிஞர்களை உருவாக்கிய ஊர்கள் அடையாளமில்லாமல் அழிந்திருந்தன. இனி ஆசிரியர்களையும் ரபிகள் என்ற மதகுருக்களையும் நாமே வளர்த்தாக வேண்டும் என்ற பதைப்பு அமெரிக்க யூதர்களிடம் இருந்தது.

டொராண்டோவிலிருந்து ஓர் ஆசிரியை: வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கிறேன். அங்கே குழந்தைகள் உண்மையிலேயே ஹீப்ரு பேசுகிறார்களா?

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். சரளமாகப் பேசுவதில்லை. மசாத் முகாமில் பேஸ்பால் ஆட்டத்துக்குக்கூட ஹீப்ருச் சொற்களை உண்டாக்கிப் பேசினார்கள். அந்த வைராக்கியம் பின்னால் தளர்ந்துவிட்டது. இன்று பெரும்பாலான முகாம்களில் பேச்சு ஆங்கிலம், பெயர்ச்சொற்கள் ஹீப்ரு. சாப்பாட்டு அறையை 'ஹதர் ஓஹெல்' என்பார்கள். குடிலைக் கூட்டிப் பெருக்குவது 'நிகயோன்', என் மருத்துவக் குடில் 'மிர்பாஆ'. "நிகயோன் முடித்துவிட்டு மிர்பாஆவுக்குப் போ" என்று அமெரிக்கக் குழந்தைகள் வெகு இயல்பாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஐம்பது, அறுபது சொற்கள்தான். ஆனால் அவை பாடப்புத்தகச் சொற்கள் அல்ல. துடைப்பத்தோடும் சோற்றோடும் காயத்தோடும் ஒட்டிக்கொண்டவை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், முழங்காலுக்கு நான் மருந்து வைக்கும்போது வலியை மறக்க எனக்கு ஹீப்ருவில் எண் சொல்லிக்கொடுத்தாள். அஹத், ஷ்தாயிம், ஷலோஷ். பதிலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். உங்கள் பள்ளியும் வாரம் இரண்டு மணி நேரத்தோடு, வருடத்துக்கு ஒரு முறையாவது குழந்தைகளை ஒன்றாகச் சமைக்கவும் தூங்கவும் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி: என் பாட்டி பத்து பார்த்துச் சோற்றுப் பாத்திரங்களைத் தனியாக வைத்திருந்தார். கோஷர் என்ற யூத உணவு விதியும் அதுதானா?

பாத்திரம் பிரிப்பது ஒன்றாகத் தெரியலாம், அடிப்படை வேறு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து, இறைச்சியும் பாலும் ஒரே வேளையில், ஒரே பாத்திரத்தில் சேரக்கூடாது என்ற சட்டம் விரிந்தது. ஆகவே முகாம் சமையலறையில் எல்லாம் இரண்டு செட். முட்டை, காய்கறி, பருப்பு, பழம் இறைச்சியிலும் பாலிலும் சேராதவை, இரண்டோடும் உண்ணலாம், 'பார்வே' என்பார்கள். சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கவே ஒரு மேற்பார்வையாளர் உண்டு, 'மஷ்கியாஹ்'.

முதல் வாரம் தயிர் டப்பாவோடு சாப்பாட்டு அறைக்குள் போனேன். அன்று கோழி. அவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, இன்று உள்ளே பால் பொருள் வேண்டாமே என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். என்னைப் போன்ற சைவக்காரிக்கு இன்னொரு வசதி: பால் உணவு நாளில் அந்த அறையில் துளி இறைச்சி இராது, எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: குழந்தைகள் அழமாட்டார்களா? எப்படி மனம் வந்து அனுப்புகிறார்கள்?

அழுவார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. முதல் நாள் பஸ்கள் வந்து நிற்கும்போது நாங்கள் இரண்டு மரக்குச்சிகளால் ஒவ்வொரு தலையையும் வகிர்ந்து பேன், ஈர் பார்ப்போம். அந்த ஒரு நிமிடத்திலேயே எந்தக் குழந்தை இரவு வரும் என்று தெரிந்துவிடும். கழுத்து விறைத்திருக்கும், கண் பஸ்ஸையே பார்க்கும்.

பத்து வயதுப் பையன் ஒருவன் ஞாயிறு முதல் வியாழன்வரை தினமும் விளக்கணைக்கும் நேரத்துக்கு வயிற்றுவலி என்று வந்தான். காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருந்தது. வலி பொய்யும் இல்லை. ஏக்கம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் வரும். வெந்நீர்ப் பை கொடுத்து உட்கார வைப்பேன். அவன் மத்ரிக் வாசற்படியில் காத்திருந்து அழைத்துப்போவான். வீட்டுக்குத் தொலைபேசி போட்டுத் தரவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டால் ஏக்கம் இரட்டிப்பாகும் என்பது அனுபவம். பெற்றோரிடம் நாங்கள் தினமும் பேசினோம்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. பயந்துபோய்த் தேடிக்கொண்டு போனேன். சாப்பாட்டு அறையில் மேசைமேல் கை சிவக்கத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அடுத்து அவன் என்னிடம் வந்தது கொசுக்கடிக்கு.

எல்லாரும் இப்படித் தேறுவார்கள் என்று சொல்லமாட்டேன். சாப்பிடாமல், தூங்காமல் வாடிப்போன இரண்டு மூன்று பேரை நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை.

அதே தாய்: வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?

ஷப்பாத், ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குமுன் தொடங்கி சனி இரவு முடியும். மதியத்திலிருந்தே முகாம் பரபரக்கும். குடில் பெருக்கி, குளித்து, எல்லாரும் வெள்ளை உடுத்துவார்கள். சேறும் சகதியுமாக அலைந்த இருநூறு முந்நூறு பேர் ஈரத் தலையோடு ஏரியை நோக்கி நடப்பார்கள். தண்ணீரைப் பார்த்து அமர்ந்து ஷப்பாத்தை மணமகளாக வரவேற்றுப் பாடுவார்கள். கடைசி அடிக்கு எழுந்து நின்று திரும்பிக் குனிவார்கள். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு ஒரு மணி நேரம் ஓடும்.

மரபு பேணும் முகாம்களில் ஷப்பாத் அன்று எழுதமாட்டார்கள், விளக்குப் போடமாட்டார்கள். மருந்து? அது நிற்கவே இல்லை. உயிரைக் காப்பது ஷப்பாத்தைவிட மேல் என்பது யூதச் சட்டம், 'பிகுவாஹ் நெஃபெஷ்'. முதல் வெள்ளியன்று ரபியே வந்து, ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தாலா. பின்னல் திரி மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, கிராம்பும் பட்டையும் வைத்த சிமிழை முகர்ந்து கைமாற்றுவார்கள். முடிவில் சுடரைத் திராட்சை ரசத்தில் அமிழ்த்தும்போது 'சுர்' என்று ஒரு சத்தம். இருட்டில் கைகோத்து நிற்கும் அத்தனை பேரும் அதற்காகவே மூச்சடக்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் பல இடங்களில் பாடும் மெட்டு டெபி ஃப்ரீட்மன் என்ற பாடகி போட்டது. முகாம்களில் கிதாருடன் வளர்ந்த அவருடைய பாட்டு தொழுகைக்கூடங்களுக்குள்ளும் போனது. 2011-ல் அவர் மறைந்தபின் சீர்திருத்தப் பிரிவினரின் தொழுகைப் பாடகர் பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: துக்க நாள் ஏதும் முகாமில் அனுசரிக்கப்படுகிறதா?

ஆம், திஷா பாவ். யூதப் பண்டிகைகள் பெரும்பாலும் பள்ளி நடக்கும் மாதங்களில் வரும். எருசலேமின் இரண்டு ஆலயங்களும் அழிந்ததை நினைக்கும் இந்த நாளோ ஜூலை, ஆகஸ்டில் வரும். அதனால் பல குழந்தைகள் இதை முகாமில்தான் அறிகிறார்கள். இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத நோன்பு. சிறு பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை.

இரவில் தரையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில், தமிழ் வேதாகமத்தில் 'புலம்பல்' என்று நாம் அறிந்த நூலை வாசிப்பார்கள். ஹீப்ருவில் அதன் பெயர் 'எய்ஹா'. 'எப்படி' என்று பொருள். எப்படி இந்த நகரம் இப்படித் தனித்துப்போனது என்று தொடங்கும். பகலெல்லாம் கூச்சலிட்ட பிள்ளைகள் அந்த இராகத்தை மெதுவாக ஓதும்போது ஏரித் தவளைகளின் சத்தம் கேட்கும். உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மறுநாள் மதியம் எனக்கு ஓய்வே இராது. நோன்பிருக்கும் மத்ரிக்குகளை நிழலில் உட்கார வைப்பதும், தலைசுற்றியவருக்குத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்வதும் என் பொறுப்பு.

பெங்களூரிலிருந்து ஒருவர்: செலவு?

அதிகம். வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் முகாம்களே ஏராளம். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாமல் போவது எனக்கு வேதனை தருகிறது. முகாமின் உதவித்தொகை உண்டு. தொழுகைக்கூடங்கள் கொடுக்கும். 1998-ல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஃபார் ஜூயிஷ் கேம்ப் முதன்முறை போகும் பிள்ளைகளுக்கு மானியம் தருகிறது. இருந்தும், கேட்கக் கூச்சப்பட்டுப் பின்வாங்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர்: மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இடம் உண்டா?

உண்டு. ராமா முகாம்களில் 'திக்வா' என்ற திட்டம் 1970-லேயே தொடங்கியது. சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். தனி முகாமாக ஒதுக்காமல் அதே ஏரி, அதே சாப்பாட்டு அறை, அதே வெள்ளி இரவு. எல்லா முகாமிலும் இந்த வசதி இல்லை.

லண்டனிலிருந்து ஒருவர்: இஸ்ரேல் அரசியலைத் திணிக்கிறார்களா?

பெரும்பாலான முகாம்களில் இஸ்ரேல் மீதான பற்று வெளிப்படையாகவே இருக்கிறது. கொடி, பாட்டு, இஸ்ரேலில் இயங்கும் யூத முகமை என்ற அமைப்பு அனுப்பும் இஸ்ரேலிய இளைஞர்கள் எல்லாம் உண்டு. வேறு மரபுகளும் இருந்திருக்கின்றன. 1923-ல் தொடங்கிய கிண்டர்லேண்ட், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியையும் தொழிலாளர் இயக்கத்தையும் பற்றிக்கொண்ட இடதுசாரி முகாம். பாலஸ்தீனர்களின் கதையையும் முகாமில் பேச வேண்டும் என்று இப்போது இளம் வழிகாட்டிகள் சிலரே கேட்கிறார்கள். பேச வேண்டும் என்பதே என் கருத்தும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். இரவில் என் குடிலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெண்: பக்கத்து வீட்டுப் பையன் முதல் முறை போகிறான். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

தின்பண்டம் வேண்டாம். கோஷர் சிக்கலும் உண்டு, கடலை ஒவ்வாமையும் உண்டு. பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். நல்ல டார்ச் ஒன்று, மாற்று பேட்டரியோடு. எல்லாவற்றிலும் அவன் பெயரை எழுதிவிடுங்கள்; கோடை முடிவில் உரிமையாளர் தெரியாத டார்ச்சுகள் ஒரு பெட்டி நிறையச் சேரும். கைபேசிக்கு அனுமதி இராது, ஆகவே தபால்தலை ஒட்டிய உறைகள் பத்துக் கொடுங்கள். எங்கள் முகாமில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் காட்டினால்தான் இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளே விடுவார்கள். ஓர் உறையில் உங்கள் முகவரியை எழுதிவையுங்கள், இரண்டு வரியாவது வரும். பதில் போட மறக்காதீர்கள். தபால் பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பும் குழந்தைகள்தான் அன்றிரவு என்னிடம் வருவார்கள்.