உள்ளங்கையில் அடங்கும் முகங்கள்: மினியேச்சர் உருவப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆளுயரப் படம் வரைந்துகொள்ள வசதி இருந்தவர்களுக்கு இத்தனூண்டு படம் எதற்கு, சார்?

பதில்: பெரிய படம் சுவரோடு சரி. இது உடம்போடு வரும். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் தன் மினியேச்சரை நகையில் பதித்து, கடலோடி பிரான்சிஸ் டிரேக்குக்குக் கொடுத்தார். 1591இல் வரைந்த ஓவியத்தில் டிரேக் அதை இடுப்பருகே தொங்கவிட்டு நிற்கிறார். அரசிக்கு வேண்டப்பட்டவன் என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. படத்தில் இருப்பவரைவிட அணிந்திருப்பவரின் தகுதியைத்தான் அது அதிகம் பேசும்.

கேள்வி: எதன்மேல் வரைவார்கள்?

பதில்: முதலில் மெல்லிய கன்றுத்தோல், அதன் பின்பக்கம் சீட்டுக்கட்டு அட்டையை ஒட்டுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் யானைத்தந்தம் வந்தது.

கேள்வி: நம் நாட்டு மன்னர்களிடம் இந்த வழக்கம் உண்டா?

பதில்: ஜஹாங்கீர் இதை எலிசபெத்தைவிடக் கறாராக நடத்தினார் என்பேன். 1616இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுக்குத் தன் உருவம் பொறித்த தங்கப் பதக்கம் ஒன்றைக் கொடுத்தார். ரோ எழுதிவைத்த குறிப்பின்படி, அரசர் கையால் பெற்றவர் தவிர வேறு யாரும் அவர் உருவத்தை அணியக் கூடாது. பிரபுக்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு பென்ஸ் காசு அளவுப் பதக்கம், தலைப்பாகையில் மாட்ட ஒரு குட்டிச் சங்கிலி, அவ்வளவுதான். கல்லோ முத்தோ வேண்டுமென்றால் சொந்தச் செலவு! கௌரவம் அரசருடையது, பில் பிரபுவுடையது.

கேள்வி: சென்னையில் யாராவது வரைந்தார்களா?

பதில்: லண்டன் ஓவியர் ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை இங்கே இருந்தார். ஆற்காடு நவாப் முகமது அலியையும் அவர் குடும்பத்தாரையும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளையும் தந்தத்தில் வரைந்தார். நவாப் அப்போது கழுத்துவரை கடனில் இருந்தவர். கடன் கொடுத்தவர்களில் கம்பெனி ஆட்களே நிறைய. ஆனாலும் படத்தில் முத்தும் மணியுமாக முழு நவாப்தான்.

கேள்வி: வெறும் கண் மட்டும் வரைந்த நகை பார்த்தேன். அதில் என்ன அடையாளம் தெரியும்?

பதில்: தெரியக் கூடாது என்பதற்குத்தான் அது. பின்னாளில் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டுக்குத் தன் கண்ணை வரைந்து அனுப்பினார். மரியா கத்தோலிக்க விதவை; கத்தோலிக்கரை மணந்தால் இளவரசரின் அரியணை உரிமை போய்விடும். அதனால் 1785இல் நடந்த திருமணமும் ரகசியம். யாருடைய கண் என்று மரியாவுக்குத் தெரிந்தால் போதாதா?

கேள்வி: பழைய தந்த மினியேச்சர் ஒன்று வாங்கலாமா?

பதில்: இந்தியாவில் யானைத்தந்தம் வாங்க விற்கத் தடை, ஆசைப்படாதீர்கள். பிரிட்டனில் 1918க்கு முந்தைய சிறிய மினியேச்சர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் பதிவு செய்ய வேண்டும். அருங்காட்சியகத்தில் பார்ப்பதுதான் உத்தமம். அப்புறம், உருப்பெருக்கியை மறக்காதீர்கள்.