முதலாண்டு வகுப்பை யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பகுதி நான்கு பாடங்களையும் (மேஜர் எனும் முதன்மைப் பாடத்துக்கு வெளியே படிக்கும் பொதுப் பாடங்கள்), முதலாண்டு மாணவர்களுக்காகப் புதிதாகத் தொடங்கும் கருத்தரங்க வகுப்புகளையும் கவனிக்கும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி என்றாலே மாணவர்களுக்கும் அக்கறை இல்லை, எடுப்பவர்களுக்கும் இல்லை. "ராமானுஜனையே ஃபெயிலாக்கியது இந்த மாதிரிப் பாடங்கள்தான் மேடம், பிள்ளைகளை மேஜர் படிக்க விடுங்கள்" என்கிறார் மூத்த பேராசிரியர் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

டைம்டேபிளிலிருந்து தொடங்குங்கள். பாடத்திட்டம் அப்புறம்.

சில ஆண்டுகள் டெல்டாவில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். சேர்ந்த வாரமே சுற்றுச்சூழல் கல்வியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அது தெரியும் என்பதால் இல்லை, அந்த மணி நேரத்தில் வேறு ஆள் இல்லை என்பதால். மூன்று துறைகளைச் சேர்த்து ஒரே ஹாலில் 140 பேர். நோட்ஸ் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சுற்றுச்சூழல் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கல்லூரிக்குள் வந்த பாடம் அது. ஒர்க்லோட் நிரப்பும் பாடமாக அதை நாம் ஆக்கிவிட்டோம். அந்த 140 பேரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆண்டை முடித்தது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால், இந்த வகுப்புகளை யார் எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு துறையிலும் மாணவர்கள் தேடிப்போய்ப் பேசும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் வேண்டும். துறைத் தலைவர்கள் விடமாட்டார்கள், முதல்வரிடம் போய் நில்லுங்கள். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். இந்த இரண்டும் கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல பாடத்திட்டம் எழுதினாலும் அது ஃபைலில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970 மே மாதம் மாணவர்கள் கொதித்தெழுந்து தலைவரின் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அந்தத் தலைவர் தாமஸ் ஜோன்ஸ். மாணவர்களுக்குக் கல்லூரிமேல் ஒட்டுதல் வரவேண்டும் என்று அவர் 1972-ல் முதலாண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அதை எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கான பயிலரங்கும் அதோடு சேர்ந்தே தொடங்கியது. நம் கல்லூரிகள் விட்டுவிடுவது இதைத்தான். ஆசிரியர்களை ஒரு வாரமாவது முன்னாலேயே உட்கார வைத்துப் பேசுங்கள்.

சரி, ராமானுஜன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூத்த பேராசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். ஆனால் அவரை வெளியே தள்ளியது பொதுக்கல்வி அல்ல, அதைச் சல்லடையாகப் பயன்படுத்திய தேர்வு முறை. அதனால் கருத்தரங்க வகுப்பில் எழுத்துத் தேர்வே வைக்காதீர்கள். பேசியதற்கும், விசாரித்து எழுதிவந்த நாலு பக்கத்துக்கும் இன்டர்னல் மதிப்பெண் போடுங்கள், போதும்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். ஒரு பருவம் முழுக்க ஒரே கேள்வி போதும் என்பேன். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்கிறார்கள். 'அந்தத் தண்ணீர் உன் ஊர் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்தது? ஏன் அன்றைக்கு?' வேறு வேறு துறைப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்து இதைக் கேளுங்கள். ஒருவன் மதகைப் பார்க்கும் லஸ்கரிடம் போய் நிற்பான். ஒருத்தி தாத்தாவிடம், 1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் ஆறு எப்படி இருந்ததாக அவருடைய அப்பா சொன்னார் என்று கேட்டு வருவாள். கணக்குத் துறைப் பிள்ளை கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும்: நொடிக்குச் சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தினமும் செய்தியில் கேட்கும் எண் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தண்ணீராகத் தெரியும். காமர்ஸ் பிள்ளைகள் கூட்டுறவுச் சங்கத்தில் குறுவைக்கு என்ன கடன் கிடைக்கிறது, தண்ணீர் தாமதமானால் அது என்ன ஆகிறது என்று விசாரிக்கட்டும். கடைமடையிலிருந்து வருகிற பிள்ளை, "எங்கள் ஊருக்கு வரவே இல்லை" என்று சொல்லும். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டாம் என்று உங்கள் ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள். தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் இருக்கிற பிள்ளை கடைமடைப் பிள்ளையிடம் அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த வகுப்பை கடைசி மணி நேரத்தில் போடாதீர்கள். கிராமத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள்தான் அதில் முதலில் எழுந்து போவார்கள். பேச வேண்டியவர்களும் அவர்கள்தான்.

அன்புடன்.