ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்கள் எந்தக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாம்?

கையடக்க ஜிபிஎஸ் என்பது கடலில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டி, குறித்துவைத்த இடத்துக்குத் திரும்ப வழிகாட்டும் கருவி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை அனுப்புகின்றன. அது வந்துசேர ஆன நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணித் தூரம் சொல்வோமே, அதே கணக்குதான். நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைத்தால் இடம் சில மீட்டருக்குள் தெரிந்துவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ இருந்து கிளம்புபவர்கள் பொத்தான் வைத்த கருவியையே வாங்குங்கள். ஈரக்கைக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, உப்புத்தண்ணீர் தெறித்தால் இன்னும் மோசம். அப்புறம் பேட்டரி: கடலிலேயே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புக் குறி போட்டிருந்தால் தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் மிதக்கும் என்று அர்த்தமில்லை, கயிறு கட்டியே வையுங்கள். வண்ண வரைபடத்துக்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பாரையும் (கடலடிப் பாறைத்திட்டு) முகத்துவாரத்தையும் குறித்துவைக்க முடிந்தால் போதும்.

ஜிபிஎஸ் இருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று கரைக்குத் தெரியும் எனப் பலர் நம்புகிறார்கள். சாதாரண ஜிபிஎஸ் எதையும் அனுப்பாது. உதவி கேட்க விஎச்எஃப் வயர்லெஸ், அதாவது கரையோடும் மற்ற படகுகளோடும் பேசும் கருவி, தனியாக வேண்டும்.