வெள்ளத்துக்குப் பின் குடிநீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தெருவெங்கும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வீட்டுக் குழாயில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. இது ஏன்? சீராக எத்தனை நாளாகும்?

ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஆற்றங்கரையை ஒட்டியே இருப்பதால், ஆறு கரைபுரளும்போது முதலில் மூழ்குபவற்றில் அவையும் சேர்ந்துவிடுகின்றன. மோட்டார்களும் மின் இணைப்புப் பலகைகளும் நனைந்துவிட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் அவற்றை உலர்த்திப் பழுதுபார்க்காமல் இயக்க முடியாது. 2007 ஜூலையில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் செவர்ன் ஆறு பெருகி, மைத் என்ற இடத்திலுள்ள சுத்திகரிப்பு நிலையம் மூழ்கியபோது, ஏறத்தாழ 3,50,000 பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. அது மீண்டும் குடிக்கத் தகுந்ததாக அறிவிக்கப்பட இரண்டு வாரத்துக்கு மேலானது.

நிலையம் இயங்கத் தொடங்கிய அன்றே ஏன் குடிக்கக் கூடாது என்று பலரும் பொறுமையிழக்கிறார்கள். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும்; அழுத்தம் போய்விட்டால் அதே விரிசல் வழியாக வெளியிலுள்ள சேறும் சாக்கடையும் உள்ளே புகுந்துவிடும். ஆகவே குழாய்கள் முழுவதையும் கழுவி, மாதிரி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனைக்கே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

கிடைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் போதும்தானே? வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். எவ்வளவு சேமித்து வைப்பது?

கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு எதிரான மிக நம்பகமான வழி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் முழுதாக ஒரு நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப் பகுதி என்றால் மூன்று நிமிடம், கொதிக்க விட்டு, மூடியபடியே ஆற வைக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விட்டு, மேலாக இறுத்து, சுத்தமான துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பெட்ரோல், டீசல், பூச்சிமருந்து போன்றவை கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, அதில் கரைந்துள்ள நஞ்சு செறிவாகவே ஆகும். எண்ணெய்ப் படலமோ விநோதமான வாடையோ இருக்கும் தண்ணீரை வாயில் வைக்கவே வேண்டாம். "காய்ச்சிக் குடிக்கவும்" என்ற அறிவிப்பும் "குடிக்க வேண்டாம்" என்ற அறிவிப்பும் வேறு வேறு என்பதை வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

அடுப்பெரிக்க வழியில்லாதபோது, வாசனையோ நிறமோ சேர்க்காத, 5 சதவீத வலிமையுள்ள திரவ பிளீச்சை லிட்டருக்கு 2 சொட்டு, சற்றுக் கலங்கிய நீரானால் 4 சொட்டு விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து பயன்படுத்தலாம். இலேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவை இன்னொரு முறை விட்டு மேலும் கால் மணி நேரம் காத்திருங்கள். குளோரின் மாத்திரை கிடைத்தால் உறையில் எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றினால் போதும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளைக் குளோரின் கொல்லாது என்பதால், முடிந்தபோதெல்லாம் காய்ச்சுவதே மேல்.

அளவைப் பொறுத்தவரை, குடிக்கவும் உணவு வழியாகவும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் வேண்டும். சமையல், கை கழுவுதல், உடல் சுத்தம் எல்லாம் சேர்த்து, பேரிடர்க் காலத்துக்கு ஒருவருக்கு 15 லிட்டர் என்பதை உலக அளவில் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குக் குடிக்க 15 லிட்டரும், எல்லாவற்றுக்குமாக 75 லிட்டரும் ஆகிறது. குளிப்பதைக் குறையுங்கள், துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். குடிப்பதை மட்டும் குறைக்காதீர்கள். மற்றவர்களுக்கு மிஞ்சட்டும் என்று தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெரியவர்களை, குறிப்பாகத் தாய்மார்களை, வீட்டார்தான் கவனித்துக் குடிக்கவைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, லாரியிலிருந்து பிடித்த நல்ல தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கெட்டுப்போவதைப் பற்றி. அகலமான வாளியில் தண்ணீரை வைத்து, ஆளாளுக்கு டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நுனிகள் நனைகின்றன. வெள்ளச் சேற்றைத் தள்ளிய கைகள் அவை. எவ்வளவு கவனமாகக் காய்ச்சியிருந்தாலும் அந்த ஒரு நொடியில் எல்லாம் வீணாகிவிடும். குடிதண்ணீரை மூடி போட்ட, குறுகிய வாயுள்ள கேனில், முடிந்தால் அடியில் குழாய் உள்ள பாத்திரத்தில் வைத்துச் சாய்த்தோ திறந்தோ மட்டும் பிடியுங்கள். அது குடிப்பதற்கு மட்டும். புழங்கும் தண்ணீருக்கு வேறு பாத்திரம், வேறு இடம். கை கழுவ, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஆணியால் சிறு துளையிட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, லேசாக அழுத்தினால் நூல்போல இழியும் நீரில் சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் கழுவிவிடலாம். மிகக் குறைந்த நீரே செலவாகும்.

கழிப்பறைக்கு வெள்ள நீரை ஊற்றலாமா?

சாக்கடைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் ஊற்றலாம்; ஒரு வாளியை ஒரே வீச்சில் ஊற்றினால்தான் அடித்துச் செல்லும். ஆனால் பீங்கானில் நீர் மட்டம் தானே ஏறுகிறது, குமிழி விடுகிறது என்றால் வெளியே சாக்கடை நிரம்பி நிற்கிறது என்று பொருள்; அதன் பிறகு ஊற்றும் ஒவ்வொரு வாளியும் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். வெள்ள நீரைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுவதும், காலில் காயமிருந்தால் அந்த நீரில் இறங்காமலிருப்பதும் அவசியம்.

கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கிறோம். மாமனார் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அச்சமாக இருக்கிறது.

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டுக்கும் வழி உண்டு. பால் மாவைக் கரைக்கும் நீர், பாட்டில் தண்ணீராகவே இருந்தாலும், கொதித்து 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிவிடுவதற்குள் மாவைக் கலந்து, பிறகு குழந்தைக்கு ஏற்ற சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். புட்டியையும் காம்பையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கு தொடங்கினால் காய்ச்சி ஆறிய நீரில் ஓஆர்எஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தபடியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கைக்குழந்தை விஷயத்தில் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

டயாலிசிஸ் ஒரு முறைக்கே 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த நீர் தேவைப்படுவதால், குழாய்த் தண்ணீர் நின்ற உடனே மையங்களும் திணறும். முறை வரும் நாள்வரை காத்திராமல் இன்றே மையத்தைத் தொடர்புகொண்டு, வேறு ஊரில் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். சிகிச்சை தள்ளிப்போகுமானால், எவ்வளவு நீர் அருந்தலாம், எந்த உணவைத் தவிர்க்கலாம் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்; மேலே சொன்ன 3 லிட்டர் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் பழுப்பாக இருக்கிறது. கிணற்றிலும் வெள்ளம் புகுந்திருக்கிறது.

குளிர்நீர்க் குழாயை மட்டும் திறந்து, தெளியும்வரை ஓடவிடுங்கள். அதற்கு முன் வெந்நீர்க் கருவியை இயக்கினால் சேறு அதற்குள் தங்கிவிடும். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவி, வடிகட்டியின் உள்பகுதியை மாற்றி, மேல்நிலைத் தொட்டியைத் தேய்த்துக் குளோரின் நீரால் அலசுங்கள். தெளிந்துவிட்டது என்பதாலேயே அது குடிநீர் ஆகிவிடாது. அறிவிப்பு வரும்வரை புழங்க மட்டுமே.

கிணற்றை உடனே இறைத்துவிட வேண்டாம். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உள்ளே நீர் சடாரென்று இறங்கினால் சுவர் சரியக்கூடும். வெளி நீர் வடிந்த பின் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, சேற்றை அகற்றி, குளோரின் இட்டு, ஆய்வகத்தில் சோதித்து, முடிவு நல்லபடியாக வந்த பிறகே குடிக்கத் தொடங்குங்கள்.