1997 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் டைகர் உட்ஸ் பெற்ற வெற்றியை ஏன் இன்னமும் பேசுகிறார்கள்?

12 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் அடி) வித்தியாசம், 21 வயது. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது முதல் நாள் ஆட்டம்தான்.

மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் முதல் ஒன்பது குழிகளுக்கு அவர் எடுத்தது 40 ஸ்ட்ரோக். பார் (ஒரு நல்ல வீரருக்குத் தேவைப்படும் ஸ்ட்ரோக் கணக்கு) 36. அதாவது நான்கு அதிகம், தடுமாற்றமான தொடக்கம். பேக்ஸ்விங் (அடிப்பதற்கு முன் மட்டையைப் பின்னுக்கு இழுப்பது) நீண்டுபோகிறது என்று தானே கண்டுபிடித்து, நடுவிலேயே அதைச் சுருக்கிக்கொண்டார். அடுத்த ஒன்பதுக்கு வெறும் 30! பார் 5 ஆன 15வது குழியில் தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவரால் ஓர் அடி, அப்புறம் குறைந்த தூரத்துக்கான வெட்ஜால் ஓர் அடி, பந்து குழிக்குப் பக்கத்தில். மற்றவர்கள் இரண்டாவது அடிக்கு நீளமான மட்டையை எடுக்கும் இடம் அது.

பலத்தை மட்டும் பேசுவது சரியில்லை. வழுக்கும் அந்த கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரை) நான்கு நாளும், 72 குழிகளிலும், ஒருமுறைகூட ஒரே குழிக்கு மூன்று பட் (கிரீனில் பந்தை உருட்டிவிடும் அடி) அடிக்கவில்லை. மூன்றாம் நாள் முடிவில் 9 ஸ்ட்ரோக் முன்னிலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வெறும் சம்பிரதாயம். மொத்தம் 270, பாருக்கு 18 குறைவு.

இன்னொன்று: அகஸ்டா கிளப் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்ததே 1990இல்தான். 1975இல் அங்கே விளையாடிய முதல் கறுப்பின வீரர் லீ எல்டர், கடைசி நாளன்று நேரில் வந்திருந்தார்.

இவரைப் போல தூரமாக அடிப்பவர்களைச் சமாளிக்க, சில வருடங்கள் கழித்து மைதானத்தையே நீளமாக்கிவிட்டார்கள்.